ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு முதுகுகள்

பயப்படுகிறவனுக்கு ஸ்கேன் அறையில் என்ன வேலை என்று, நான் சேர்ந்த புதிதில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. பயப்படுகிறவனுக்குத்தான் அங்கே வேலை என்பது என் கட்சி. உள்ளே இருப்பது பெரிய காந்தம். விளக்கை அணைத்தாலும் அது அணையாது, ஞாயிற்றுக்கிழமையும் தூங்காது. வருகிறவர்களோ அரைஞாணில் தாயத்து, மடியில் சாவி, கொண்டையில் ஊசி, உடம்புக்குள் எப்போதோ வைத்த கம்பி என்று வருவார்கள். இரும்பு ஏதும் இருக்கா என்று நான் வாசலில் கேட்பேன். உடை மாற்றியதும் கேட்பேன். கதவுப் பக்கத்தில் வந்ததும் மறுபடி கேட்பேன். "என்னவே, பொண்ணு பாக்க வந்த மாதிரி கேட்டுக்கிட்டே இருக்கீரு" என்று ஏரல் வாழைக்காய் வியாபாரி ஒருத்தர் என்னைத் திட்டினார். திட்டி முடித்த கையோடு வேட்டி மடிப்பிலிருந்து பேனாக்கத்தியை எடுத்துக் கொடுத்தார்.

இப்போது அந்த வாசலில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த நீங்கள் நிற்கிறீர்கள். எல்லாரும் அதற்கென்றே படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பேட்டையில் ஒரு பட்டறையில் இரும்பு அறுத்துக்கொண்டிருந்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு உதவியாளாக வந்தேன். நோயாளியைப் படுக்க வைப்பது, முழங்காலுக்கு அடியில் திண்டு வைப்பது, காதில் பஞ்சு வைப்பது, பயப்படுகிறவரிடம் பேச்சுக் கொடுப்பது. அதுதான் என் உத்தியோகம். மெஷினை எப்படி ஓட்டுவது என்று நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. எனக்குத் தெரியவும் தெரியாது. நெருக்கடியில் ஒரு மனுஷி எப்படி நடந்துகொண்டார் என்பது தெரியும். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. சொன்னாலும் சரியாகச் சொன்னோமா என்று தூக்கம் வராது. அது வேறு விஷயம்.

அவர் எங்கள் ஸ்கேன் படங்களைப் பார்த்து முடிவு எழுதுகிற டாக்டர். நான் டாக்டரம்மா என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். படம் பார்க்கிற டாக்டர்கள் நோயாளி முகத்தையே பார்க்காமல் வேலையை முடித்துவிட முடியும். இவர் அப்படி இல்லை. எழுந்து வெளியே வந்து, ஆளை நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் இருட்டறைக்குள் போவார். ஏன் அம்மா என்று கேட்டதற்கு, "படத்துக்கு வலிக்காது அண்ணாச்சி" என்றார்.

எங்களுக்கு வருகிறதில் பாதிக்கு மேல் இடுப்பு. முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே மெத்தை மாதிரி ஒன்று இருக்கிறதே, டிஸ்க் என்று நீங்கள் சொல்வது, எங்கள் ஊரில் ஜவ்வு என்போம். நல்ல ஜவ்வில் தண்ணீர்ச் சத்து இருக்கும், படத்தில் வெள்ளையாகத் தெரியும். வறண்டு போன ஜவ்வு கறுப்பாகத் தெரியும். எனக்குத் தெரிந்த படிப்பு இவ்வளவுதான். ஆனால் வருஷக்கணக்காகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவனுக்கு இது யாருக்கு, ஏன் வறள்கிறது என்று ஒரு கேள்வி வராமல் இருக்குமா? மணிமுத்தாறு பக்கம் காலமெல்லாம் கல் சுமந்த ஒரு கிழவருக்கு ஜவ்வு எல்லாம் தும்பைப்பூ மாதிரி இருந்தது. வாளித் தண்ணீரைக்கூடத் தூக்கியிராத ஒரு வாத்தியாருக்கு வரிசையாகக் கறுப்பு. ஒரே முதுகிலேயே மேலே இருப்பது பளிச்சென்று இருக்கும், கீழே இருக்கிற ரெண்டு மட்டும் கரிக்கட்டை. இதையெல்லாம் பார்த்ததிலிருந்து எனக்கு என் முதுகைப் பற்றிக் கவலை. ஆனால் இன்று வரை படம் எடுத்துப் பார்த்ததில்லை. பார்த்தால் கவலை கூடும்.

ஒரு நாள் காலையில் மைதீன் வந்தார். பேட்டையில் அரிசி கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர். நாற்பது வயது இருக்கும், தேக்குக் கட்டை மாதிரி உடம்பு. ஆனால் வலது கால் பாதம் தரையில் தேய்ந்துகொண்டு வந்தது. பாதத்தை மேலே தூக்கப் பார்க்கிறார், தூக்க வரவில்லை. முதல் நாள்தான் முதுகு ஆபரேஷன் செய்கிற டாக்டர் பார்த்து, "நரம்பு நசுங்குது, படம் எடுங்க, நான் நினைக்கிறதுதான்னா உடனே ஆபரேஷன். தள்ளிப்போட்டா பாதம் திரும்பாமலே போயிடும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

கூட ரெண்டு பேர். ஒருத்தர் மூட்டை தூக்குகிற கூட்டத்துக்குத் தலைவர், மேஸ்திரி என்று கூப்பிட்டார்கள். இன்னொருத்தரைப் பார்த்து நான் ஒரு நிமிஷம் நின்றுவிட்டேன். அதே மூக்கு, அதே காது, சிரித்தால் ஒரு பக்கம் இழுக்கிற அதே வாய். சட்டைதான் வேறு, வாசனைதான் வேறு. மைதீனின் இரட்டைப் பிறவி, சில நிமிஷம் பிந்திப் பிறந்த தம்பி ஜாபர். துபாயில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவர், லீவில் வந்திருந்தார்.

மைதீன் மெஷினின் வாயைப் பார்த்தார். "கபருக் குழிக்குள்ள வைக்க மாதிரில்லா இருக்கு" என்றார். பிறகு தம்பி பக்கம் திரும்பி, "ஏலே ஜாபரு, எனக்குப் பதிலா நீ படுலே. ஒரே மூஞ்சிதான, யாருக்குத் தெரியப் போவுது?"

"சும்மா இருலே."

"பள்ளிக்கூடத்துல உனக்குப் பதிலா நான் அடி வாங்கலியா? எத்தனை வாத்தியாருக்குப் பேரை மாத்திச் சொல்லிருக்கோம். இன்னைக்கு ஒரு நாளு எனக்காகப் படு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த பிறகு எனக்கு அது வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பேச்சுக் கொடுத்து, கையைப் பிடித்து, மைதீனைப் படுக்க வைத்துப் படம் எடுத்தாயிற்று. டாக்டரம்மா பார்த்தார். கீழே ரெண்டு ஜவ்வும் கறுப்பு. அதில் மேலே இருப்பது வலது பக்கமாகப் பிதுங்கி நரம்பை அமுக்கிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் டாக்டருக்கு உடனே போன் செய்தார். அவர் மறுநாளே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

மைதீன் மாட்டேன் என்றுவிட்டார்.

"தேஞ்சது தேஞ்சதுதானம்மா. லாரி டயரு தேஞ்சு போச்சுன்னா அதை அறுத்துத் தைச்சா ஓடுமா? இருக்க வரைக்கும் ஓடட்டும்."

"தேய்மானத்துக்கு ஆபரேஷன் இல்ல. பிதுங்கின அந்தத் துண்டை மட்டும் எடுக்கப் போறாங்க, நரம்பு மூச்சு விடுததுக்கு" என்றார் டாக்டரம்மா.

"அறுத்தா நான் கூட்டத்துல நிக்க முடியாது. கேளுங்க இவரை."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "எங்களுக்குள்ள ஒரு வழக்கம்மா. கத்தி பட்ட முதுகை வரிசையில நிறுத்த மாட்டோம். பாவம் பாத்து நிறுத்தி, அவன் மூட்டையோட சரிஞ்சா பின்னால வாரவனும்லா சரிவான்? அவன் வீட்டுக்கு யாரு பதில் சொல்லுதது?" கெட்ட மனுஷர் இல்லை. சொல்லும்போது மைதீன் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

ஜாபர் அதுவரை கையைப் பிசைந்துகொண்டு நின்றார். திடீரென்று அண்ணன் முன்னால் வந்து நின்றார். "கூட்டமும் வேண்டாம் மூட்டையும் வேண்டாம்லே. என்னையப் படிக்க அனுப்பிட்டு நீ சுமந்தே. என் பங்கு தேய்மானமும் உன் முதுகுல ஏறிக் கெடக்கு. இனிமே நான் பாத்துக்கிடுதேன். நீ வீட்டுல இரு." பிறகு டாக்டரம்மாவிடம், "எனக்கும் ஒரு படம் எடுங்க. என் முதுகையும் அவன் முதுகையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுங்க. மூட்டை என்ன பண்ணிருக்குன்னு இவன் கண்ணால பாக்கட்டும். அப்பமாவது அந்த வேலையை விடுவான்."

"உங்களுக்கு வலி இருக்கா?"

"வலி கெடையாது. காலையில எந்திரிச்சா இடுப்பு கொஞ்சம் புடிக்கும், அவ்வளவுதான்."

"அப்ப தேவையில்ல. வலியில்லாத முதுகைப் படம் எடுத்தா வீண் கவலைதான் மிஞ்சும்." என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

ஜாபர் விடவில்லை. மைதீன் பெஞ்சில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டார், வீட்டுக்குப் போவோம் என்றார். டாக்டரம்மா அந்தத் தரையில் கிடந்த வலது பாதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பேச்சில் நாள் போகப் போக அந்தப் பாதம் கையை விட்டுப் போகிறது என்பது அவருக்குத் தெரியும். ஜாபரைத் தனியே கூப்பிட்டார்.

"எடுக்கேன். ஆனா நீங்க நினைக்கிறது படத்துல வராம போகலாம். அப்படி வராம போனாலும் உள்ளதை அவர்கிட்ட சொல்லுவேன். சம்மதமா?"

"எப்படி வராம போகும்? நான் உக்காந்து எழுதுதவன். சம்மதம்" என்றார் ஜாபர்.

மத்தியானம் இடைவெளி கிடைத்தது. நான் வழக்கம்போலக் கேள்வி எல்லாம் கேட்டு, உடை மாற்றி அனுப்பி, படுக்க வைத்தேன். நீல உடுப்பு போட்டதும் காலையில் படுத்த மைதீனும் இவரும் ஒரே அச்சு. மெஷின் தட்ட ஆரம்பித்தது. முதலில் முதுகை நெடுகப் பிளந்த மாதிரி ஒரு படம் வரும். குறுக்கே வெட்டின படங்கள் பிறகுதான் வரும், பக்கவாட்டில் பிதுங்கினது அதில்தான் நன்றாகத் தெரியும். அந்த முதல் படம் திரையில் வந்ததும் டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்தார். காலையில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்தார்.

நானும் எட்டிப் பார்த்தேன். கீழே ரெண்டும் கறுப்பு. மேலே உள்ளது எல்லாம் வெள்ளை. காலையில் எடுத்த படத்தில் மேலே ஒரு எலும்புக் கட்டையில் நகக்கீறல் மாதிரி ஒரு பள்ளம் இருந்தது, இதிலும் அதே இடத்தில் அதே பள்ளம். ஒரு படத்தையே ரெண்டு தடவை வைத்த மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, உள்ள படுத்திருக்கது யாரு?"

இந்த இடத்தைத்தான் நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியே ஆறேழு பேர் காத்திருக்கிறார்கள். ஜாபர்தான் என்று என் நாக்கு நுனியில் இருக்கிறது. சொல்லியிருந்தால் தப்பும் இல்லை, நான் கேட்டுத்தான் அனுப்பினேன். ஆனால் காலையில் மைதீன் கேலியாகச் சொன்னது வயிற்றுக்குள் உட்கார்ந்திருந்ததே, அது எழுந்து நின்றது. ஒருவேளை காலையிலேயே பயந்துபோய் ஆள் மாறிப் படுத்திருந்தால்? உடை மாற்றுகிற மறைப்புக்குப் பின்னால் ரெண்டு பேரும் சேர்ந்துதான் போனார்கள். அப்படியானால் ஆபரேஷன் டாக்டரிடம் போயிருப்பது யாருடைய முதுகு? மைதீன் சம்மதித்தால் நாளைக்கு அந்தப் படத்தைப் பார்த்துத்தானே கத்தி வைக்கப் போகிறார்கள்?

"ஜாபர்னு நினைக்கேன்ம்மா. ஆனா எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றேன். மைதீன் சொன்ன கேலியையும் சொன்னேன்.

பெரிய இடத்து டாக்டர்கள் சிலர் இந்த இடத்தில் என்ன செய்வார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். உமக்கு எதுக்குவே சம்பளம் என்று ஆரம்பிப்பார்கள். இவர் ஒரு வார்த்தை அதட்டவில்லை. "சொன்னீங்களே, நல்லது" என்றார். மெஷினை நிறுத்தச் சொன்னார். ஸ்கேன் ஓட்டுகிற பையன் திருப்பிக் கேட்டான்: "பேரைக் கேட்டா போதும்லா மேடம்?"

"பேரை மாத்திச் சொல்லிப் பழகின ஆளுங்க. பேரைக் கேட்டு என்ன பண்ண? காலைத் தேய்ச்சு நடக்கதையும் நடிக்கலாம்."

உள்ளே போனோம். மேசையை வெளியே இழுத்தேன். படுத்திருந்தவர் முழித்தார். டாக்டரம்மா, "ஒண்ணுமில்ல, தலையைக் கொஞ்சம் தூக்குங்க" என்று சொல்லி, அவருடைய பிடரிக்கு அடியில் உள்ளங்கையை வைத்தார். வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீங்களும் தொட்டுப் பாருங்க அண்ணாச்சி." தொட்டேன். சோப்புப் போட்டுக் கழுவின கன்னம் மாதிரி வழுவழுப்பு. பிறகு வெளியே பெஞ்சில் படுத்திருந்தவரிடம் போய் அதே இடத்தில் கை வைத்தார். இருபது வருஷம் மூட்டை உட்கார்ந்த இடம். தோல் செருப்பு வார் மாதிரி காய்த்துப் போயிருந்தது. அதைப் பேர் மாற்றிச் சொல்ல முடியாது.

உள்ளே இருந்தது ஜாபர்தான். மறுபடி ஓட்டினோம். குறுக்கே வெட்டின படங்கள் வந்தன. அதே கறுப்பு ஜவ்வுகள், ஆனால் பிதுக்கம் இல்லை. நரம்பு சுகமாக, தாராளமாக இருந்தது. காலையில் எடுத்தது பிதுங்கின முதுகு, இது பிதுங்காத முதுகு. ஆக, காலையில் படுத்தவரும் சரியான ஆள்தான். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அடுத்த கணமே வேறு கவலை. இதைக் கொண்டுபோய் அந்த ரெண்டு பேரிடம் எப்படிச் சொல்வது?

டாக்டரம்மா ரெண்டு பேரையும் மேஸ்திரியையும் உள்ளே உட்கார வைத்துத் திரையைக் காட்டினார். எது யாருடையது என்று முதலில் சொல்லவில்லை. மைதீன் ரெண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது என்னது. இது ஜாபருதா?"

"ஆமா."

"ஏலே," என்று மைதீன் தம்பி பக்கம் திரும்பினார். "நாற்காலியில இருந்தே கெடுத்து வச்சிருக்கியேலே. சவத்துப் பயலே, அங்கன என்னதான் தூக்கின?"

மேஸ்திரிதான் முதலில் சிரித்தார். ஜாபர் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப் போயிற்று. "அது எப்படிம்மா? அவன் சுமந்தான். நான் ஒரு பையைக்கூடத் தூக்குனதில்ல."

டாக்டரம்மா சொன்னதை என் புத்திக்கு எட்டின அளவில் சொல்கிறேன். சின்ன வயசு தாண்டின பிறகு ஜவ்வின் நடுவே ரத்தக் குழாய் கிடையாது. மேலேயும் கீழேயும் இருக்கிற எலும்புத் தட்டு வழியாகக் கசிந்து வருகிற சத்துதான் அதற்குச் சாப்பாடு. "கடைமடை வயலு பாத்திருக்கீங்கள்லா? ஆத்துல தண்ணி போகுது, வாய்க்கால்லயும் வருது, ஆனா கடைசி வயலுக்குக் கசிஞ்சு வந்தாத்தான் உண்டு. உடம்புல இருக்கிற கடைமடை இந்த ஜவ்வு." அந்த எலும்புத் தட்டு யாருக்கு நன்றாகக் கசிய விடும், யாருக்குச் சீக்கிரம் இறுகும், ஜவ்வின் நார் எவ்வளவு வலு என்பதில் பெரும் பங்கு பிறப்பிலேயே வருகிறது. கீழே இருக்கிற ரெண்டுக்கும் பாரமும் அதிகம், வளைவும் அதிகம், அதனால் அதுதான் முதலில் வறளும். பீடி சிகரெட் கசிவைக் குறைக்கும். உடம்புப் பருமன் ஒரு பங்கு. தூக்குகிற பாரத்துக்கும் ஒரு பங்கு இருக்கலாம், ஆனால் ஊர் நினைக்கிற அளவு இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே விதை. ஒரே மாதிரிதான் வறண்டிருக்கு" என்றார்.

ஜாபர் தோள் இறங்கியது. வருஷக்கணக்காகச் சுமந்துகொண்டிருந்த ஒன்றை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஆனால் நான் மைதீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு அவர் முகத்திலிருந்து பைய இறங்கிப் போயிற்று. தம்பிக்காக முதுகைக் கொடுத்தேன் என்பதுதான் அந்த மனுஷர் வைத்திருந்த ஒரே சொத்து. அதை இப்போது ஒரு திரை எடுத்துக்கொண்டது.

"அப்பம் நான் சுமந்தது ஒண்ணுமில்லியா?" என்றார்.

அறைக்குள் ரெண்டு பேர் டாக்டரம்மா வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மூட்டைதான் காரணம் என்று சொன்னால் அண்ணனுக்குச் சந்தோஷம், தம்பி ஆயுசுக்கும் குனிந்துபோவான். மூட்டைக்குச் சம்பந்தமே இல்லை என்றால் தம்பிக்கு விடுதலை, அண்ணன் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார், பாதமும் போய்விடும். நானாக இருந்தால் ரெண்டு பேருக்கும் தனித்தனியாக ஆளுக்கொரு பொய் சொல்லியிருப்பேன்.

அவர் எழுந்து போய் மைதீனின் பிடரியில் மறுபடி கை வைத்தார். "நீங்க சுமந்தது இங்கன இருக்கு. இது உங்க தம்பிக்குக் கெடையாது. இதை யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது. ஜவ்வு கறுத்ததுக்கு மட்டும் இது முதல் காரணம் இல்ல."

"நான் வீட்டுல சும்மா இருந்திருந்தாலும் இது வந்திருக்குமா?"

"கறுத்திருக்கும். பிதுங்கியிருக்குமான்னு கேட்டா எனக்குத் தெரியாது."

"தெரியாதா?"

"தெரியாது. எந்த டாக்டருக்கும் உறுதியாத் தெரியாது. கறுத்த ஜவ்வோட கடைசி வரைக்கும் வலியில்லாம இருக்கவங்க நெறைய பேர் உண்டு. உங்க தம்பியும் மொட்டை டயருதான். ஓடுதாருல்லா?"

மைதீன் தம்பியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "ஓடுதான்."

"டயரு மொட்டையானதால உங்க பாதம் விழல. ஒரு துண்டு நரம்பு மேல உக்காந்திருக்கு, அதால விழுது. அதை எடுத்தா நரம்புக்கு எடம் கிடைக்கும். இது எனக்குத் தெரியும். பாதம் எவ்வளவு திரும்பும்னு கேட்டா அது தெரியாது. நாள் தள்ளத் தள்ள குறையும். அது தெரியும்."

மைதீன் தன் வலது பாதத்தைப் பார்த்தார். மேஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார், மைதீன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுதிய. அப்பம் தெரியும்னு சொல்லுததைத் தெரிஞ்சுதான் சொல்லுவிய." எழுந்திருக்கப் பார்த்தார், பாதம் மடங்கியது, ஜாபர் பிடித்துக்கொண்டார். "நாளைக்கே வைங்கம்மா. கூட்டத்துல நிப்பேனா இல்லையாங்கத பொறவு பாப்போம். என்ன மேஸ்திரி?"

"நீ மொதல்ல நிமிந்து நில்லுலே" என்றார் மேஸ்திரி. மறுபக்கம் வந்து தோள் கொடுத்தார்.

அன்றைக்கு டாக்டரம்மா மேல் எனக்கு வந்த மரியாதையை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. காந்தத்தைப் பற்றியும் ஜவ்வைப் பற்றியும் அவர் படித்தது எனக்குப் பெரிசில்லை. ஒருத்தனுக்குப் பிடித்த பதிலும் இன்னொருத்தனுக்குப் பிடித்த பதிலும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்க, ரெண்டையும் தொடாமல் நின்றாரே, அதைத்தான் சொல்கிறேன். வருகிறவர்கள் உங்களிடம் கேட்பார்கள். மெஷின் அருகே படுத்துக்கொண்டு, டாக்டரிடம் கேட்கத் தயங்குகிறதை எல்லாம் உங்களிடம்தான் கேட்பார்கள். பைக் ஓட்டினதால வந்துதா, பிள்ளையைத் தூக்கினதால வந்துதா, பாய்ல படுத்ததால வந்துதா என்று. ஆமாம் என்று தலையாட்டிவிடாதீர்கள். ஒரு தாய் அதற்குப் பிறகு பிள்ளையைத் தூக்க மாட்டாள். எனக்குத் தெரியாது, டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தாலும் வாயைத் திறந்து சொல்லுங்கள். அதட்டினால் அதட்டட்டும்.

ஆபரேஷன் மறுநாள் நடந்தது. அதற்கு அடுத்த நாள், எங்கள் வேலை முடிந்த நேரத்தில், "வாங்க அண்ணாச்சி, பாத்துட்டு வருவோம்" என்று டாக்டரம்மா கூப்பிட்டார். படத்துக்கு முடிவு எழுதிக் கொடுத்ததோடு அவர் வேலை முடிந்தது. வார்டுக்குப் போக வேண்டும் என்று யாரும் கேட்கப் போவதில்லை. மாடிப்படி ஏறும்போது நான், பாதம் திரும்பாவிட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். அவரும் படியைப் பார்த்தபடியே ஏறினார். அவருக்கும் அதே யோசனையாக இருந்திருக்கலாம்.

மைதீன் மல்லாந்து படுத்திருந்தார். கட்டிலின் கால்மாட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜாபர் நின்றார், செருப்பைக் கழற்றிவிட்டு. மேஸ்திரி சுவரோரம்.

"கால் கட்டை விரலைத் தூக்குங்க பாப்போம்" என்றார் டாக்டரம்மா.

மைதீன் கண்ணை மூடிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. விரல் அசையவில்லை. அவர் உதடு மட்டும் அல்லாவின் பேரை எடுத்து பிஸ்மி சொல்லிற்று.

"அவசரம் இல்ல. பைய."

விரல் நுனி கொஞ்சம் துடித்தது. நின்றது. பிறகு, நெல் மூட்டையை அடியிலிருந்து நிமிர்த்துகிற மாதிரி, அந்தக் கட்டை விரல் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. பாதமும் அதோடு ஒரு இழுப்பு மேலே வந்தது. முழுசாக இல்லை. ஆனால் வந்தது. டாக்டரம்மா தன் விரலை அதன் மேல் வைத்து அமுக்கிப் பார்த்தார். அந்த விரல் எதிர்த்து நின்றது.

நான் ஏனோ தரையைப் பார்த்தேன். கட்டில் கால்மாட்டில் நின்ற ஜாபரின் வலது பாதம், அவருக்கே தெரியாமல், விரல்கள் விரிய மேலே எழும்பி அந்தரத்தில் நின்றது.

மைதீன் கண்ணைத் திறந்தார். தன் காலைப் பார்த்தார். தலையணையிலிருந்து கழுத்தை நீட்டி, கட்டில் ஓரமாகத் தம்பி காலைப் பார்த்தார்.

"ஏலே," என்றார், "உன்னைய யாருலே தூக்கச் சொன்னா?"